ரெண்டு மடி கிட்டாரு

தம்பி, ஒன் கடுதாசி செவ்வாக்கெழமையே வந்துருச்சு. ஒங்கப்பா ரெண்டு தரம் படிச்சுக் காட்டுனாரு. மண்டபம் எது, சாப்பாடு யாரு போடுறா, பொண்ணு வீட்டுப் பக்கம் எத்தன பேரு வருவாங்க, எல்லாம் வெவரமா எழுதியிருந்த. கேக்கவே சந்தோசமா இருந்துச்சுய்யா. கடைசியில ஒரு வரி எழுதியிருந்தியே, அந்த நீட்டு கிட்டார மட்டும் கல்யாணத்துக்குத் தூக்கிட்டு வந்துராதீங்க, பொண்ணு வீட்டுக்காரங்க அலோர்ஸ்டார் டவுன் ஆளுங்க, நீங்க ரெண்டு பேரும் ஒட்டி ஒக்காந்து வாசிச்சா சிரிப்பாங்கன்னு, அந்த வரிய ஒங்கப்பா மொத தரம் படிக்கவே இல்ல. முழுங்கிட்டாரு. ரெண்டாந்தரம் படிக்கும்போது அந்த எடத்துல வந்து ஒரு இருமல் இருமுனாரு பாரு, முப்பது வருசமா கேக்குற இருமல், எனக்குத் தெரியாதா. என்னத்த முழுங்குறீங்க, படிங்கன்னேன். படிச்சாரு.

கோவம் எல்லாம் இல்ல. நீ சின்னப் புள்ளையில ஸ்கூல் கூட்டாளிங்ககிட்ட அது துணி தேக்கிற பலகன்னு சொல்லி வச்சிருந்தவந்தான, எனக்குத் தெரியும். ஆனா இதுக்கு பதிலு ஒரு வரியில சொல்ல முடியாது. எனக்கு எழுத்து தெரியாது, நான் சொல்லச் சொல்ல ஒங்கப்பா எடது கையால எழுதுறாரு. எழுத்து சாஞ்சிருந்தா அவரு கையி, பேச்சு எங்கயாச்சும் மேயப் போச்சுன்னா அது நானு. ஒக்காந்து நெதானமா படி.

ஒங்கப்பா கை எப்புடிப் போச்சுன்னு ஒனக்குத் தெரியும். சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டத்துல ஆலையில வேல. ஒறஞ்ச பால ரோலர்ல குடுத்து சீட்டா இழுக்குறப்ப வலது கையயும் சேத்து இழுத்துருச்சு. கட்ட வெரலு போயே போச்சு. மத்த நாலும் ஒட்டிக்கிட்டு பலக மாதிரி ஆயிருச்சு, மணிக்கட்டும் திரும்பாது. எங்களுக்குக் கல்யாணம் ஆயி ஒரு வருசங்கூட ஆகல அப்ப. அதுக்கு முந்தி அவரு கிட்டார் வாசிப்பாருங்கிறதுதான் ஒனக்குத் தெரியாது. மெர்போக்ல பாக் டின்னுன்னு ஒரு மலாய்க்காரரு, கம்போங்கு, அதான் அவங்க கிராமம், அங்க கல்யாணத்துக்கெல்லாம் வாசிக்கிறவரு, அவருதான் சொல்லிக் குடுத்தாரு. கிட்டாரும் அவரோடதுதான், இரவலு. ஹவாய் கிட்டாருன்னு சொல்லுவாங்க. நெஞ்சுல சாச்சு வாசிக்கிறது இல்ல, மடியில படுக்க வச்சு, எடது கையில ஒரு இரும்புத் துண்ட வச்சு கம்பி மேல இழுக்கணும், வலது கையால மீட்டணும். நாய் ஊளையிடுற மாதிரி ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்துல மனசப் புடிச்சு ஒரு இழு இழுக்கும் பாரு, அப்புடி.

கை போனப்புறம் அந்த கிட்டார பாக் டின்னுகிட்டயே திருப்பிக் குடுக்கப் போனாரு. அந்த மனுசன் வாங்கி வச்சுக்கிட்டு, மெர்போக் ஆத்து நண்டு ஒரு கட்டு கையில குடுத்து அனுப்பிட்டாரு. நான் ஒறப்பா மொளகு அரச்சுக் கொழம்பு வச்சேன். ஒங்கப்பா தட்டையே பாத்துக்கிட்டு இருக்காரு. ஒத்தக் கையால நண்டு திங்க முடியாதுன்னு அன்னிக்குத்தான் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, காட்டிக்கல. நான் கால ஒடச்சு ஒடச்சுக் குடுத்தேன், அவரு உறிஞ்சி உறிஞ்சித் தின்னாரு. நாலாவது நண்டுலயோ என்னவோ, திடீர்னு நிறுத்திட்டு எங்கையவே பாத்தாரு. 'புள்ள, நான் இழுத்தா நீ மீட்டுவியா'ன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. மொதல்ல சாப்புடுங்க, ஆறிப்போவுதுன்னேன்.

அப்பறம் ஜப்பான்காரன் வந்துட்டான். தோட்டத்து வெள்ளக்காரத் தொர ஒரே நாள்ல காணாமப் போயிட்டாரு. அவரு மோட்டார் சைக்கிள், பக்கத்துல ஆளு ஒக்கார்ற தொட்டி வச்சது, அத பள்ளத்துல தள்ளி வாழ எலைய போட்டு மூடிட்டுப் போயிருந்தாரு. ரெண்டு மாசம் கழிச்சு அந்தத் தொட்டியில எங்க லயத்து வரிச வீட்டுக் கோழி அட காத்துக்கிட்டு இருந்துச்சு, பதினோரு குஞ்சு. அது வேற கத. பால் வெட்டு நின்னு போச்சு. எல்லாருக்கும் மரவள்ளிக் கெழங்கு நடுற வேல. காலையில கெழங்கு, மத்தியானம் கெழங்கு, கெழங்கு எலையில கறி. துணி கெடைக்காம நாங்க பொம்பளைங்க சாக்கத் தச்சு இடுப்புல சுத்திக்கிட்டோம், ஒக்காந்தா தொட அரிக்கும். ஒங்கப்பாவுக்குக் கை ஆவாதுன்னு கிராணி அவர மூடிக் கெடந்த ஆலைக்குக் காவலு வச்சுட்டாரு. கிராணின்னா தோட்டத்துக் கணக்குப் பாத்து பேர் போடுறவரு, தொர போனப்புறம் அவருதான் எல்லாம், ஜப்பான்காரன் பேச்ச கொஞ்சம் கத்துக்கிட்டாரு வேற.

காலி ஆலையில ஒத்தக் கை மனுசன், பொழுது போவல. பால் ஒறைய வைக்கிற தகரத் தட்டு ரெண்ட வாயோட வாய் வச்சு ஆணி அடிச்சாரு, அதான் வயிறு. மேல ஆணியாலயே குத்திக் குத்தி ஓட்ட போட்டாரு, இடியாப்ப அச்சு மாதிரி. ஒடஞ்ச மாட்டு வண்டியோட மெர்பாவ் மரக் கட்டைய செதுக்கி கழுத்து பண்ணாரு. கம்பி எங்க போவ? தொர மோட்டார் சைக்கிள்ல இருந்து கிளட்ச் கம்பிய உருவி இழ இழையா பிரிச்சாரு. அஞ்சுதான் தேறுச்சு, அதனால அஞ்சு கம்பி. தாழ்ந்த சத்தத்துக்கு மூணு இழைய முறுக்கி ஒண்ணாக்குனாரு. இழுக்குற இரும்பு, அவரு கைய எந்த ரோலரு கடிச்சுச்சோ அதோட முளை ஆணிதான். அதுகிட்ட இருந்து எனக்கு வரவேண்டியது இருக்குன்னு சொல்லிச் சொல்லித் தேச்சாரு.

நீளம் ஏன் அவ்ளோன்னு கேப்ப. ஒருத்தர் மடியில நிக்கிறதா இருந்தா பாக் டின்னோடது மாதிரியே பண்ணியிருக்கலாம். இது ரெண்டு பேரு மடிக்கு. கழுத்துப் பக்கம் அவரு, வயித்துப் பக்கம் நானு. வழுக்காம இருக்க அடியில பள்ளம் வெட்டியிருக்கு பாரு, அவரு தொடைக்கு ரெண்டு, என் தொடைக்கு ரெண்டு. என்னைய ஒக்கார வச்சு ஈர்க்குச்சியால அளந்துதான் வெட்டுனாரு. இத எழுத மாட்டேங்குறாரு. எழுதுங்க, பையன் கல்யாணம் பண்ணப் போறான், அவனுக்குத் தெரியாததா. ஒலகத்துல வேற எங்கயும் இப்புடி ஒண்ணு இருக்கும்னு எனக்குத் தோணல. அந்த அளவுக்கு இன்னொரு பொம்பள ஒக்காந்தா ஒத்து வராது, அது வரைக்கும் எனக்கு நிம்மதி.

வாசிக்கக் கத்துக்கிட்டதுதான் கூத்து. எந்தக் கம்பிய எப்ப மீட்டணும்னு எனக்கு எப்புடித் தெரியும்? அவரு வாயில மெட்ட முணுமுணுத்துக்கிட்டே, அவரு காலால எங்கால அமுக்குவாரு. ஒரு அமுக்கு மொதக் கம்பி, ரெண்டு அமுக்கு ரெண்டாங்கம்பி. அஞ்சாங்கம்பி வந்தா குதிகால் வச்சு ஒரே மிதி. ஒரு மாசத்துல எம் பொறங்காலு வீங்கிப் போச்சு. ஆனா மீட்டுறது எனக்கு சுளுவா வந்துச்சு. மரத்துல பட்டைய மட்டும் சீவி, உள்ள காயம் படாம கத்திய நிறுத்துற கையி இல்லியா இது, அதே அளவுதான். கோயில்ல பாடுற தாலாட்டு மெட்டுதான் மொதல்ல முழுசா வந்துச்சு. அது முடிஞ்சப்ப நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கல. அவரு முளை ஆணியத் தொடச்சாரு, நான் அடுப்பப் பாக்கப் போயிட்டேன்.

இனிமேதான் நான் பண்ணுன தப்பு வருது. கதவ சாத்திக்கிட்டுத்தான் வாசிச்சோம். கல்யாணம் ஆன பொம்பள வாத்தியத்தத் தொட்டா லயத்துல நாடகக்காரின்னு பேரு வச்சிருவாங்க, அதுவும் புருசன் தொடையில தொட ஒட்ட. கதவ யாராச்சும் தட்டுனா நான் குடுகுடுன்னு அடுப்படிக்கு ஓடிருவேன். வந்தவங்க பாக்குறப்ப ஒங்கப்பா தனியா அத மடியில வச்சுக்கிட்டு இருப்பாரு. ஆக லயம் பூரா என்னா நெனச்சுச்சு? இவரு ரெண்டு கையாலயும் வாசிக்கிறாருன்னு. எங்களுக்கு அதுவும் சரிதான்னு பட்டுச்சு. அவருக்குக் கவுரவம், எனக்கு மானம்.

அப்பத்தான் சயாமுக்கு ரயில் ரோடு போட ஆளு புடிக்க ஆரம்பிச்சானுங்க. தோட்டத்துக்கு இத்தன ஆளுன்னு ஜப்பான்காரன் கேப்பான், கிராணி பேர் எழுதிக் குடுப்பாரு. மொத லாரியில போனவங்க யாரும் ஒரு சேதி அனுப்பல. ஒங்கப்பா பேருக்கு நேரா கை ஊனம்னு கிராணியே எழுதி விட்டுட்டாரு. அது தெரிஞ்சும் எனக்கு வாய் அடங்கல பாரு. ஒரு நாளு பைப்படியில தண்ணி புடிக்கிறப்ப அஞ்சலையக்கா, அவங்க புருசன் மொத லாரியில போனவரு, எங் கொடத்தத் தள்ளி வச்சுட்டு சொன்னாங்க, 'ஒனக்கென்னாடி, கை செத்த புருசன் வாய்ச்சதும் ஒரு அதிர்ஷ்டம், வீட்டுலயே கெடப்பான்'னு. நான் சும்மா வந்திருக்கணும். கை செத்ததுன்னு சொன்னது தாங்கல. 'யாரு கை செத்தது? எம் புருசன் கிட்டாரு வாசிக்கிறது ஒங்க காதுல விழலியா? அது செத்த கையா? அந்த மாதிரி வாசிக்க ரெண்டு கை இருக்குறவனே இந்த ஜில்லாவுல கெடையாது'ன்னேன். அஞ்சலையக்கா கொடத்தத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பைப்படியில ஒருத்தருக்குச் சொன்னா பத்துப் பேருக்குச் சொன்ன மாதிரி. யாரு போயி சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேட்டது இல்ல. அஞ்சலையக்கா புருசன் திரும்பி வரவே இல்ல தம்பி, அவங்க மேல கோவப்பட எனக்கு என்னா இருக்கு.

மறுவாரம் கிராணி வாசல்ல வந்து நின்னாரு. 'ஏம்பா, ஊனக் கைன்னு என்கிட்ட சொன்ன, தோட்டம் பூரா கிட்டாரு கச்சேரியாமே'ன்னாரு. நான் சாக்குத் திரைக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். மீட்டுறது எம் பொண்டாட்டிங்கய்யான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஒங்கப்பா சொல்லல. எம் பேரு நாலு பேரு வாயில அரைபடக் கூடாதுன்னு பேசாம நின்னாரு. 'ஜப்பான்காரன் காதுக்குப் போச்சுன்னா பொய் எழுதுனதுக்கு எங்கழுத்துதான் மொதல்ல போவும், பேர எழுதிக்கிறேன்பா'ன்னாரு கிராணி. 'எழுதிக்குங்கய்யா'ன்னு ஒங்கப்பா சொன்னது எனக்கு இன்னிக்கும் கேக்குது. கிராணி போனதும் உள்ள வந்து, கெழங்கு வெந்துச்சான்னு கேட்டாரு. அவ்ளோதான் கேட்டாரு.

லாரி வர்ற நாளு காலையில பெரட்டுக் களத்துல, தெனமும் பேரு கூப்புட நிக்க வைக்கிற எடம், அங்க எல்லாரையும் நிக்க வச்சுட்டானுங்க. ஜப்பான்கார ஆபிசரு நாக்காலியில ஒக்காந்திருக்கான். ஒங்கப்பா போற வரிசையில நிக்கிறாரு, தோள்ல ஒரு துணி மூட்ட. நான் வீட்டுக்குப் போயி கிட்டார செவுத்துல இருந்து கழட்டித் தலையில வச்சுக்கிட்டு வந்துட்டேன். யோசிச்சு செஞ்சேன்னு சொன்னா பொய்யி. காலு நடந்துச்சு, நானும் கூடப் போனேன். என்னைய பாத்ததும் பொம்பளைங்க பக்கம் ஒரு சிரிப்பு. 'பாடையத் தூக்கிட்டு வர்றா பாரு'ன்னு ஒரு குரலு. நான் ஆபிசரு முன்னால குனிஞ்சு கும்புட்டுட்டு கிராணிகிட்ட சொன்னேன், 'ஐயா, இவர மொதல்ல தனியா வாசிக்கச் சொல்லுங்க'ன்னு. கிராணிக்கு வேர்த்துப் போச்சு. என்னமோ ரெண்டு வார்த்த சொன்னாரு, ஆபிசரு மோவாய ஆட்டுனான்.

பேரு போடுற மேசைக்கு முன்னாடி ஒரு பெஞ்சு. ஒங்கப்பா ஒக்காந்து எடது கையால இழுத்தாரு. தகரத்துல பூன பிராண்டுற சத்தந்தான் வந்துச்சு. வலது கையத் தூக்கிக் கம்பியில வச்சாரு, பலக மாதிரி அப்புடியே கெடக்குது. அப்பறம் நான் போயி ஒக்காந்தேன். சாக்குப் பாவாடையோட, தொட ஒட்ட, அத்தன பேரு முன்னால. 'அடியே, சொல்லியிருந்தா பாயி கொண்டாந்திருப்போமே'ன்னு பின்னால யாரோ சொல்ல களமே சிரிக்குது. ஒங்கப்பா காலு எங்கால அமுக்குது, ஆனா அவரு காலு நடுங்குற நடுக்கத்துல எத்தன அமுக்குன்னு எனக்கு எண்ண முடியல. விட்டுட்டேன். எனக்குத் தெரிஞ்ச மாதிரி மீட்டுனேன், அவரு எங்கையப் பாத்து இழுத்தாரு. அன்னிக்கு வரைக்கும் அவரு காலுக்கு எங்கையி போச்சு, அன்னிக்கு எங்கைக்கு அவரு வந்தாரு. சிரிப்பு எப்ப நின்னுச்சுன்னு கவனிக்கல. பாதித் தாலாட்டு போயிருக்கும், ஆபிசரு கையத் தூக்கி நிறுத்துனான். எந்திரிச்சு வந்து ஒங்கப்பா வலது கைய எடுத்து வெரல மடக்கிப் பாத்தான், திருப்பிப் பாத்தான், போட்டான். எங்கள ரெண்டு பேரையும் வெரலால காட்டி என்னமோ சொன்னான். கிராணி மூச்சு விட்டுட்டு சொன்னாரு, 'ஒரு வேலைக்கு ரெண்டு பேருக்கு சோறு போட முடியாதாம், கூட்டிட்டுப் போ.'

இதோட கத முடிஞ்சிருந்தா ஒனக்கு எப்பவோ சொல்லியிருப்பேன். லாரியில எடம் காலியாப் போவாதுல்ல. ஒரு பேர அடிச்சா ஒரு பேரு எழுதணும். கிராணி தலையத் தூக்கிப் பாத்தாரு. சனத்துக்கு முன்னால ஒரு ஆளு தனியா நின்னுக்கிட்டு இருந்தாரு, கல்யாணம் ஆவாதவரு, மாரிமுத்து. பின்னால நின்னவரு, பாட்டு நல்லாக் கேக்கணும்னு முன்னால வந்திருக்காரு. 'நீ வா'ன்னாரு கிராணி. ஆமாய்யா, நம்ம மாரி மாமாதான். கால இழுத்து இழுத்து நடக்குறாரே, அந்தக் காலு சயாம்ல புண்ணாயி புழு வச்ச காலு. இத எழுதுறப்ப ஒங்கப்பா ஒண்ணும் மறுத்துச் சொல்லல. நானும் மறைக்காம சொல்லிடுறேன், அன்னிக்கு ஒங்கப்பா கையப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தப்ப எனக்கு சந்தோசமாத்தான் இருந்துச்சு. கதவ சாத்துனப்பறந்தான் மாரிமுத்து நெனப்பு வந்துச்சு, கிட்டார சாக்குல சுத்தி மூலையில வச்சேன். சண்ட முடியிற வரைக்கும் அந்த கிட்டார நாங்க தொடல.

ஜப்பான்காரன் போனப்புறம் மாரிமுத்து திரும்பி வந்து சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில கெடந்தாரு. ஒங்கப்பா தவறாமப் போயிப் பாத்தாரு. நான் போவல. எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் போவேன். அவரா ஒரு மத்தியானம் கம்ப ஊனிக்கிட்டு நம்ம வாசலுக்கு வந்தாரு. எலும்புதான், மேல தோலு. நான் கும்புடலாம்னு குனிஞ்சேன். அவரு அதப் பாக்காத மாதிரி, 'அக்கா, அன்னிக்குப் பாதியிலயே நிறுத்திட்டான்ல அவன், மிச்சம் எப்புடிப் போவும்? அங்க மண்ணு வெட்டுறப்ப எல்லாம் நானே போட்டுப் போட்டுப் பாத்தேன், சரியா வரல'ன்னாரு. நாங்க எடுத்து ஒக்காந்தோம். கதவ சாத்தணும்னு எனக்குத் தோணவே இல்ல. முழுசா கேட்டுட்டு, 'ஓ, அப்புடித் திரும்புதா, நான் வேற பக்கம் போயிட்டேன்'ன்னு சொல்லி சிரிச்சாரு. அன்னிலேர்ந்து அவரு எங்க வாசிக்கச் சொன்னாலும் வாசிக்கிறோம். கோயில்லயும் அதான், நீ வெக்கப்பட்டு மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சியே அந்த ஸ்கூல் வெளையாட்டு விழாவுலயும் அதான்.

அதனால ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. புருசன் பொண்டாட்டிக்குள்ள ஒருத்தருக்கு ஒருத்தர் கையா இருக்குறதுல வெக்கமே இல்ல தம்பி. நான் வெக்கப்பட்டு கதவ சாத்துனேன், ஒங்கப்பா வெக்கப்பட்டு வாய சாத்துனாரு, அதுக்கு காலக் குடுத்தவரு மூணாவது ஆளு. மருமகப் பொண்ணு ஒனக்கு ஒரு வேல செஞ்சா அவதான் செஞ்சான்னு நாலு பேரு முன்னால சொல்லு. நீ அவளுக்குச் செஞ்சா அவளையும் சொல்ல விடு. டவுன் ஆளுங்க சிரிச்சா சிரிக்கட்டும்லா, சிரிப்பு யாரையும் லாரியில ஏத்திட்டுப் போவாது.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ஒன் கடுதாசி வர்றதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி மாரி மாமா ஒன் கல்யாணச் சேதி கேட்டுட்டு வீட்டுக்கு வந்தாரு. வேட்டி புதுசா எடுத்திருக்காராம். 'தம்பி கல்யாணத்துல வாசிப்பீங்கதான அக்கா'ன்னு கேட்டாரு. ம்னு சொல்லிட்டேன். இத்தன வருசத்துல அந்த மனுசன் நம்மகிட்ட இது ஒண்ணத் தவுர வேற எதுவும் கேட்டது இல்ல. வேணாம்னு அவருகிட்ட சொல்ல என்னால முடியாது, ஒங்கப்பாவாலயும் முடியாது. சொல்லித்தான் ஆகணும்னா ஞாயித்துக்கெழம பஸ் ஏறி வா, மாரி மாமா வீட்டுல இருப்பாரு, நீயே சொல்லு. அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. சரிய்யான்னு சொல்லிட்டு ஒனக்கு டீ போட்டுக் குடுப்பாரு. வரலன்னா நீ சம்மதிச்சேன்னு எடுத்துக்குறோம். மண்டபத்துல ரெண்டு பேரு சேந்து ஒக்கார்ற மாதிரி ஒரு பெஞ்சு போடச் சொல்லு, நாக்காலி ஒத்து வராது. முன்னால அவருக்கு ஒரு எடம் விட்டு வையி, கால நீட்டிக்கிட்டு கேக்குற மாதிரி.